ஏ.டி.என். முடித்து பி.எஸ்.என். படிக்கலாமா? அமெரிக்காவில் நர்ஸிங் படிக்கும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

கம்யூனிட்டி காலேஜில் (பெரும்பாலும் இரண்டு வருடப் பட்டம் தரும் உள்ளூர்க் கல்லூரி) ஏ.டி.என். என்ற இரண்டு வருட நர்ஸிங் படிக்கிறவர்கள், படித்து முடித்து வேலையில் இருப்பவர்கள், சேரலாமா என்று யோசிப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. வாட்ஸ்அப்பில் ஒருவருக்கு எழுதிய பதிலையே நாலு பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது மேல். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் அமெரிக்காவுக்கு மட்டும். அங்கேயும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால், மாறும் இடங்களில் மாநிலத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

ஏ.டி.என். முடிச்சா நான் முழு நர்ஸா, அரை நர்ஸா?

முழு நர்ஸ்தான். இரண்டு வருட அசோசியேட் பட்டம் படித்தவரும் நான்கு வருட பி.எஸ்.என். படித்தவரும் எழுதுவது ஒரே என்கிளெக்ஸ்-ஆர்.என். லைசென்ஸ் தேர்வு. கிடைப்பதும் ஒரே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ். மருந்து கொடுப்பது, ரத்தம் ஏற்றுவது, நோயாளியைப் பரிசோதித்துக் குறிப்பு எழுதுவது என்று எதிலும் இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு என்ற பங்கீடு கிடையாது. வார்டில் உங்களுக்குப் பக்கத்தில் நிற்பவர் எதைப் படித்தார் என்று நோயாளிக்கும் தெரியாது, பெரும்பாலும் டாக்டருக்கும் தெரியாது.

வித்தியாசம் தெரிவது வேலை விளம்பரத்தில். ‘பி.எஸ்.என். உள்ளவர்களுக்கு முன்னுரிமை’ என்றோ, ‘சேர்ந்து இத்தனை வருடத்துக்குள் முடிக்க வேண்டும்’ என்றோ போட்டிருப்பார்கள். பெரிய நகரங்களின் போதனா மருத்துவமனைகளில் இது அதிகம். நர்ஸிங் ஹோம், டயாலிசிஸ் சென்டர், சிறு ஊர் மருத்துவமனைகளில் குறைவு.

அப்புறம் எதுக்கு எல்லாரும் பி.எஸ்.என். பண்ணு, பண்ணுன்னு உயிரை எடுக்கறாங்க?

இதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் நர்ஸ் பற்றாக்குறை. கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் காலேஜைச் சேர்ந்த மில்ட்ரெட் மான்டாக் என்பவர், இரண்டே வருடத்தில் நர்ஸை உருவாக்க முடியும் என்று சொல்லி 1952-ல் சில கம்யூனிட்டி காலேஜ்களில் சோதனை முயற்சியாகத் தொடங்கினார். அது வெற்றி பெற்று நாடு முழுக்கப் பரவியது. ஆனால் அவர் அதை முழுமையான ஒரு படிப்பாகத்தான் வகுத்தார். பின்னால் நான்கு வருடப் பட்டத்தோடு சேர்க்கிற முதல் படியாக வகுக்கவில்லை. இன்றைக்கு நீங்கள் கிரெடிட்டை (படித்த பாடங்களுக்கான மதிப்பு அலகு) பல்கலைக்கழகத்துக்கு மாற்றும்போது படுகிற அவதியின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1965-லேயே அமெரிக்க நர்ஸ்கள் சங்கம், நர்ஸ் வேலைக்கு நான்கு வருடப் பட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்று அறிக்கை விட்டது. உடனே ஒன்றும் நடக்கவில்லை. 2003-ல் லிண்டா ஐக்கன் குழுவினர் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, பட்டதாரி நர்ஸ்களின் விகிதம் 10 சதவீதம் கூடுதலாக உள்ள இடங்களில் அறுவை சிகிச்சைக்குப் பின் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவு என்று வெளியிட்டார்கள். 2010-ல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின், 2020-க்குள் 80 சதவீத நர்ஸ்கள் பட்டதாரிகளாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த வருடத்துக்குள் எட்டவில்லை. ஆனாலும் 2022 கணக்கெடுப்பில் 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. மருத்துவமனைகள் நர்ஸிங் தரத்துக்கான மேக்னட் அங்கீகாரம் வாங்க ஆசைப்படுவது இன்னொரு காரணம். அதற்கு நர்ஸ் மேனேஜர்கள் எல்லோரும் குறைந்தது பி.எஸ்.என். வைத்திருக்க வேண்டும்.

ஐக்கன் ஆய்வைக் காட்டி ‘ஏ.டி.என். நர்ஸ் என்றால் மட்டம்’ என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. அது மருத்துவமனைகளை ஒப்பிட்ட ஆய்வு. தனித்தனி நர்ஸ்களுக்கு மார்க் போட்டதல்ல.

சட்டப்படி கட்டாயமா?

நியூயார்க்கில் கட்டாயம். 2017 டிசம்பரில் கையெழுத்தான சட்டப்படி, அங்கே புதிதாக ஆர்.என். லைசென்ஸ் வாங்குகிறவர்கள் பத்து வருடத்துக்குள் நர்ஸிங்கில் இளநிலைப் பட்டமோ அதற்கு மேலோ முடிக்க வேண்டும். சட்டம் வந்தபோது ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்கும் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் விலக்கு உண்டு. வடக்கு டகோட்டா 1987-ல் இன்னும் கறாராக, பட்டம் இருந்தால்தான் லைசென்ஸே என்று ஆரம்பித்து, 2003-ல் கைவிட்டது.

சட்டம் சொல்லாவிட்டாலும் சில வேலைகளுக்கு பி.எஸ்.என். இல்லாமல் முடியாது. ராணுவ நர்ஸாக அதிகாரி நிலையில் சேர வேண்டும், கலிஃபோர்னியாவில் பப்ளிக் ஹெல்த் நர்ஸ் சான்றிதழ் வேண்டும், மேக்னட் மருத்துவமனையில் மேனேஜராக வேண்டும் என்றால் கேட்பார்கள்.

முடிச்சா சம்பளம் எவ்வளவு ஏறும்?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவாக. வார்டில் அதே வேலையைத் தொடர்ந்தால் பல இடங்களில் மணிக்கு ஓரிரு டாலர் கூடும். சில இடங்களில் ஒன்றும் கூடாது. யூனியன் உள்ள மருத்துவமனையில் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். பணம் கூடுவது வேலை மாறும்போதுதான். கேஸ் மேனேஜ்மென்ட், குவாலிட்டி, இன்ஃபர்மேட்டிக்ஸ் (மருத்துவத் தகவல் தொழில்நுட்பம்), மேனேஜர் பதவி, மேற்படிப்பு என்று போகிறவர்களுக்கு பி.எஸ்.என். நுழைவுச்சீட்டு.

என்கிட்ட 70 கிரெடிட் இருக்கு. 120-ல பாதிக்கு மேல முடிஞ்சிடுச்சுன்னு அர்த்தமா?

அதிகம் பேர் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

பி.எஸ்.என்.னுக்கு ஏறத்தாழ 120 கிரெடிட் வேண்டும். உங்களிடம் 70 இருந்தால் மீதி 50 என்று மனக்கணக்கு போடுகிறீர்கள். பல்கலைக்கழகம் வேறு மாதிரி போடுகிறது. அது மூன்று கேள்வி கேட்கும். உங்கள் கிரெடிட்டை ஏற்கிறோமா? ஏற்றால் எந்தப் பாடத்துக்குப் பதிலாக? எங்களிடமே எத்தனை கிரெடிட் படிக்க வேண்டும்? மூன்றாவதற்குப் பொதுவாக 30 என்று பதில் வரும். உங்களிடம் எவ்வளவு இருந்தாலும் அதில் தள்ளுபடி கிடையாது.

சிக்கல் இரண்டாவது கேள்வியில். ‘உங்கள் 70 கிரெடிட்டையும் ஏற்றுக்கொண்டோம்’ என்று மெயில் வரும். சந்தோஷமாகச் சேர்ந்தபின் பார்த்தால் அதில் 15 ‘எலெக்டிவ்’ என்று ஓர் ஓரத்தில் கிடக்கும். ஏற்றுக்கொண்டது நிஜம்தான். ஆனால் பட்டத்துக்குத் தேவையான எந்தப் பாடத்தையும் அது அடைக்காது. நீங்கள் சைக்காலஜி படித்திருப்பீர்கள், அவர்கள் கேட்பது வளர்ச்சிப் பருவ சைக்காலஜியாக இருக்கும். நீங்கள் கல்லூரி அல்ஜீப்ரா முடித்திருப்பீர்கள், அவர்கள் கேட்பது ஸ்டாட்டிஸ்டிக்ஸ். இப்படி மூன்று மூன்று கிரெடிட்டாகச் சேர்ந்து ஒரு செமஸ்டராகிவிடும்.

நர்ஸிங் பாடங்களில் இந்த வம்பு குறைவு. லைசென்ஸ் பாஸ் செய்துவிட்டீர்கள் என்பதையே ஆதாரமாக எடுத்துக்கொண்டு, நர்ஸிங் கிரெடிட்டுகளை மொத்தமாக 30 போலக் கொடுக்கும் பல்கலைக்கழகங்கள் நிறைய. சில இடங்களில் முதல் பாடத்தை முடிக்கும்வரை அவற்றை நிறுத்தி வைத்து, பிறகு டிரான்ஸ்கிரிப்ட்டில் ஏற்றுவார்கள். ஆக, உங்களை இழுத்தடிப்பது நர்ஸிங் அல்ல, பொதுப் பாடங்கள்தான். சேருவதற்கு முன்பே, எந்தப் பாடம் எதற்கு ஈடாகிறது என்று வரிவரியாகக் காட்டும் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். ‘எவ்வளவு ஏற்பீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘ஏற்றபின் எனக்கு இன்னும் எந்தெந்தப் பாடம் பாக்கி’ என்று கேளுங்கள். அட்மிஷன் ஆலோசகர் போனில் சொல்வது கணக்கில் வராது.

அப்போ எந்தப் பாடத்தை கம்யூனிட்டி காலேஜிலேயே முடிச்சா லாபம்?

ஸ்டாட்டிஸ்டிக்ஸ். கேட்காத பி.எஸ்.என். புரோகிராம் அரிது. அடுத்து இரண்டாவது ஆங்கிலக் கட்டுரைப் பாடம், ஒரு ஹ்யுமானிட்டீஸ் பாடம், இன்னும் எடுக்கவில்லை என்றால் கெமிஸ்ட்ரி. டெக்ஸாஸில் அரசுப் பல்கலைக்கழகம் என்றால் அமெரிக்க வரலாறு 6, அரசியலமைப்பு 6 என 12 கிரெடிட் எல்லா இளநிலைப் பட்டத்துக்கும் உண்டு. கலிஃபோர்னியாவின் சி.எஸ்.யூ. (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) பல்கலைக்கழகங்களும் இதே வகைப் பாடங்களைக் கேட்கும். கம்யூனிட்டி காலேஜ் கட்டணத்தில் இவற்றை முடிப்பதற்கும் பல்கலைக்கழகக் கட்டணத்தில் முடிப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு குடும்பம் ஊருக்குப் போய் வரலாம்.

கிளெப் தேர்வு எழுதி சைக்காலஜி, சோஷியாலஜி போன்றவற்றுக்கு வகுப்புக்கே போகாமல் கிரெடிட் வாங்கலாம். ஆனால் நீங்கள் சேரப்போகும் இடம் அதை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளெப்பில் கிடையாது. அதற்கு டி.எஸ்.எஸ்.டி. என்று இன்னொரு தேர்வு இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. கம்யூனிட்டி காலேஜிலிருந்து எடுத்துச் செல்லும் கிரெடிட்டுக்கு உச்சவரம்பு உண்டு. சி.எஸ்.யூ.வில் அது 70. மலிவாகக் கிடைக்கிறதே என்று 90 வரை அடுக்கினால் மீதி வீண்.

முதல்ல ஏ.டி.என். முடிப்போம், மத்தது அப்புறம் பார்த்துக்கலாம்னு இருக்கேன். தப்பா?

படிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே படிப்பது என்பதை மட்டும் முதல் செமஸ்டரிலேயே முடிவு செய்யுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வையுங்கள். போகிற பல்கலைக்கழகம் தெரிந்தால்தான் மேலே சொன்ன பாடங்களில் எதை எடுப்பது என்று தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது: இரண்டையும் சேர்த்தே படிப்பது. அரிசோனாவின் மேரிகோப்பா கம்யூனிட்டி காலேஜ்களில் ஏ.டி.என். படித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.என். பாடங்களையும் ஆன்லைனில் எடுக்கலாம். ஓரெகனில் கம்யூனிட்டி காலேஜ்களும் ஓ.எச்.எஸ்.யூ. பல்கலைக்கழகமும் ஒரே பாடத்திட்டத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் மாறும்போது பாடம் இடிப்பதில்லை. நியூ மெக்சிகோ இன்னும் ஒரு படி மேலே போய், மாநிலம் முழுக்கப் பொதுப் பாடத்திட்டம் வைத்து, கம்யூனிட்டி காலேஜ் வளாகத்திலேயே பல்கலைக்கழகத்தின் பி.எஸ்.என். பட்டத்தை வாங்க வழி செய்திருக்கிறது. மான்டாக் காலத்து இடைவெளியை அடைக்க மற்ற மாநிலங்களும் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

சேர்த்துப் படிக்கிற வழி எல்லோருக்கும் பொருந்தாது. ஏ.டி.என். கிளினிக்கல் (வார்டுப் பயிற்சி) நடக்கும் வாரங்களில் தூக்கமே பெரிய விஷயம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்து, சமைக்க ஆள் இல்லை என்றால், என்கிளெக்ஸை முடித்துவிட்டு மெதுவாகச் சேருங்கள். ஏ.டி.என்.னில் ஒரு பாடம் தோற்றால் இரண்டு படிப்பும் சேர்ந்து தள்ளிப்போகும்.

நாங்க படிக்கிற காலேஜே பி.எஸ்.என். கொடுக்காதா?

ஃபிளோரிடாவில் கொடுக்கும். அங்கே கம்யூனிட்டி காலேஜ்களாக இருந்தவற்றில் பல இப்போது ஸ்டேட் காலேஜ் என்ற பெயரில் ஆர்.என்.களுக்கு பி.எஸ்.என். வழங்குகின்றன. வாஷிங்டனிலும் சில காலேஜ்கள் தருகின்றன. கலிஃபோர்னியாவில் சோதனை முறையில் அனுமதிக்க 2024-ல் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

ஆன்லைன் பி.எஸ்.என்.னை ஆஸ்பத்திரியில மதிப்பாங்களா?

வேலையில் இருக்கும் ஆர்.என்.களில் ஏராளமானவர்கள் ஆன்லைனில்தான் முடிக்கிறார்கள். பட்டத்தில் ஆன்லைன் என்று அச்சடிப்பதும் வழக்கமில்லை. மருத்துவமனை பார்ப்பது அங்கீகாரத்தை. நர்ஸிங் புரோகிராமுக்கு சி.சி.என்.இ., ஏ.சி.இ.என்., சி.என்.இ.ஏ. என்ற மூன்று அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் இருக்க வேண்டும். கல்லூரிக்கும் தனியாக அங்கீகாரம் இருக்க வேண்டும். நர்ஸிங் அங்கீகாரம் இல்லாத இடத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சேராதீர்கள். நாளை எம்.எஸ்.என். (நர்ஸிங் முதுநிலைப் பட்டம்) படிக்கப் போனால் அந்தப் பட்டத்தைத் தள்ளிவிடுவார்கள்.

வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகம் என்றால், உங்கள் மாநிலத்தில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்ள அதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆன்லைன் படிப்புக்காக மாநிலங்களுக்கு இடையில் உள்ள சாரா ஒப்பந்தத்தில் கலிஃபோர்னியா சேரவில்லை. அதனால் அங்கே வசிப்பவர்கள் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

ஆன்லைன்னா கிளினிக்கல் கிடையாதுதானே?

ஏ.டி.என்.னில் போன மாதிரி காலை ஆறரைக்கு யூனிஃபார்ம் போட்டு வார்டில் நிற்கும் கிளினிக்கல் பெரும்பாலும் கிடையாது. ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் நினைக்காதீர்கள். சமூக நலப் பாடத்தில் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அதன் உடல்நலத் தேவைகளை ஆராய வேண்டியிருக்கும். கடைசியில் கேப்ஸ்டோன் என்று ஒரு திட்டம், பெரும்பாலும் உங்கள் வார்டிலேயே. ஒரு ப்ரிசெப்டர் (வழிகாட்டும் மூத்த நர்ஸ்) கையெழுத்துப் போட வேண்டும். யாரைக் கேட்பது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள், கடைசி மாதத்தில் ஆள் கிடைக்காமல் தவிப்பவர்கள் உண்டு.

அங்க போய் புதுசா என்னதான் சொல்லிக் கொடுப்பாங்க? ஊசி போடறது தெரியுமே?

ஊசி போடுவதைச் சொல்லித்தர மாட்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரையைப் படித்து அதில் எது தேறும், எது தேறாது என்று பார்ப்பது, சமூக நலம், தலைமைப் பொறுப்பு, இன்ஃபர்மேட்டிக்ஸ், சுகாதாரக் கொள்கை ஆகியவைதான் பாடம். கொஞ்சம் வறட்சிதான், மறைப்பானேன். ஆனால் ‘ஏன் இந்த வார்டில் இப்படிச் செய்கிறோம்’ என்ற கேள்விக்கு ‘எப்போதும் இப்படித்தான்’ என்ற பதில் போதாது என்று தோன்ற ஆரம்பிக்கும்.

நம்மவர்களுக்குக் கஷ்டமாக இருப்பது எழுத்து வேலை. ஏ.டி.என். முழுக்க நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பழகியிருப்போம். இங்கே வாரம் ஒரு கட்டுரை, ஏ.பி.ஏ. முறையில் மேற்கோளோடு. புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுதினால் நம் ஊர்ப் பரீட்சையில் முழு மார்க். இங்கே அதற்குப் பெயர் திருட்டு, மென்பொருள் கண்டுபிடித்துவிடும். படித்ததை மூடி வைத்துவிட்டு உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதப் பழகுங்கள். கல்லூரியின் எழுத்து உதவி மையத்தில் வரைவைப் பார்த்துத் தருவார்கள், இலவசம்.

வாரம் மூணு 12 மணி நேர ஷிப்ட், ரெண்டு பிள்ளைங்க. எத்தனை பாடம் எடுக்கலாம்?

ஒரு நேரத்தில் ஒன்று. பல ஆன்லைன் புரோகிராம்கள் ஒரு பாடத்தை ஏழு, எட்டு வாரத்தில் முடிக்கும்படி வைத்திருப்பதால், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தாலே ஒரு செமஸ்டரில் இரண்டு முடிந்துவிடும். விளம்பரத்தில் ‘9 மாதத்தில் பி.எஸ்.என்.’ என்று போடுவது பொதுப் பாடமெல்லாம் முடித்துவிட்டு முழுநேரமாகப் படிப்பவருக்கு. வேலையும் வீடுமாக இருப்பவர் ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம் என்று வைத்துக்கொண்டால் யாரையும் திட்டாமல் முடிக்கலாம். புது நர்ஸாக வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதம் படிப்பே வேண்டாம். அந்த நேரத்தில் கற்றுக்கொள்ள வார்டே போதும்.

ஃபீஸை ஆஸ்பத்திரியே கட்டும்னு சொன்னாங்க. நம்பலாமா?

நம்பலாம், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு. வேலை கொடுப்பவர் படிப்புக்காகத் தரும் தொகையில் வருடத்துக்கு 5,250 டாலர் வரை உங்கள் வருமானமாகக் கணக்காகாது, வரி கிடையாது. பல மருத்துவமனைகள் அந்த அளவோடு நிறுத்திக்கொள்வது இதனால்தான். அது காலண்டர் வருடக் கணக்கு. ஆகவே ஒரு செமஸ்டருக்கான பணத்தை டிசம்பரிலும் அடுத்ததை ஜனவரியிலும் வாங்குகிற மாதிரி அமைத்துக்கொண்டால் இரண்டு வருட வரம்பையும் பயன்படுத்தலாம்.

பெரும்பாலான இடங்களில் முதலில் நீங்கள் கட்ட வேண்டும், பாஸ் ஆன மார்க்கைக் காட்டியபின் திரும்பத் தருவார்கள். வாங்கியபின் ஒரு வருடமோ இரண்டு வருடமோ அங்கேயே வேலை செய்ய வேண்டும். இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டும். கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பும் குடும்பங்கள் இந்த விதியில் மாட்டுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால், மத்திய அரசின் படிப்பு உதவிக்கான ஃபாஃப்ஸா விண்ணப்பம் போடுங்கள். ஏற்கெனவே நர்ஸிங் கடன் இருந்து, பற்றாக்குறை உள்ள மருத்துவமனையில் வேலை செய்யத் தயார் என்றால் மத்திய அரசின் நர்ஸ் கோர் திட்டத்தைப் பாருங்கள். தேர்வானால் இரண்டு வருட வேலைக்குக் கடனில் 60 சதவீதத்தை அடைப்பார்கள். மூன்றாவது வருடமும் அனுமதித்தால் இன்னொரு 25 சதவீதம். ஏ.டி.என். நர்ஸ்களும் விண்ணப்பிக்கலாம்.

ஊர்ல பி.காம். முடிச்சிருக்கேன். அது இங்க குப்பையா?

இல்லை. ஒருவேளை உங்களிடம் உள்ளதிலேயே விலை உயர்ந்த காகிதம் அதுதான். ஏற்கெனவே ஓர் இளநிலைப் பட்டம் இருப்பவருக்குப் பொதுப் பாடங்களை மொத்தமாகத் தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்கள் பல. மேலே 70 கிரெடிட் கேள்வியில் சொன்ன வம்பில் பாதி உங்களுக்கு வராது. பாடவாரியான மதிப்பீடு வேண்டும் என்று கேட்டு, நேசஸ் (வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் சங்கம்) அமைப்பில் உறுப்பினராக உள்ள நிறுவனத்திடம் மார்க் ஷீட்டைக் கொடுங்கள். இந்திய மூன்று வருடப் பட்டத்தை எல்லா நிறுவனமும் ஒரே மாதிரி மதிப்பிடாது. சிலர் முழு இளநிலைப் பட்டம் என்பார்கள், சிலர் மூன்று வருடப் படிப்பு என்று மட்டும் எழுதுவார்கள். நீங்கள் சேரப்போகும் பல்கலைக்கழகம் எந்த நிறுவனத்தின் அறிக்கையை ஏற்கும் என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இன்னும் நர்ஸிங்கே ஆரம்பிக்கவில்லை என்றால் ஏ.டி.என். வேண்டுமா என்றே யோசியுங்கள். வேறு பட்டம் உள்ளவர்களுக்கென்று 12 முதல் 18 மாதத்தில் நேரடியாக பி.எஸ்.என். தரும் துரிதப் படிப்பு உண்டு. செலவு அதிகம், படிக்கும்போது வேலைக்குப் போக முடியாத வேகம். ஏ.டி.என். ஏற்கெனவே முடித்திருந்தால், பி.காம்.மையும் ஆர்.என்.னையும் சேர்த்துக் காட்டி, பி.எஸ்.என்.னைத் தாண்டி நேராக எம்.எஸ்.என். சேர்க்கும் புரோகிராம்களும் இருக்கின்றன.

நான் ஊர்ல ஜி.என்.எம். படிச்சேன். இங்க நேரா பி.எஸ்.என். சேரலாமா?

முதலில் இங்கே ஆர்.என். ஆக வேண்டும். ட்ரூமெரிட் (முன்பு சி.ஜி.எஃப்.என்.எஸ்.) போன்ற நிறுவனம் வழியாகச் சான்றிதழ் மதிப்பீடு, என்கிளெக்ஸ், மாநில லைசென்ஸ் என்ற வரிசைதான். லைசென்ஸ் கையில் வந்தபின், டிப்ளமோ நர்ஸ்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆர்.என்.–பி.எஸ்.என். புரோகிராமில் விண்ணப்பிக்கலாம். எல்லாப் புரோகிராமும் வெளிநாட்டு டிப்ளமோவை ஏற்பதில்லை என்பதால் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள். இன்னும் ஊரில்தான் இருக்கிறீர்கள், கிளம்ப இரண்டு மூன்று வருடம் ஆகும் என்றால், அங்கேயே போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்ஸிங் இரண்டு வருடத்தில் முடித்துவிட்டு வருவது மலிவு.

எச்-4-ல இருக்கேன். படிக்கலாமா?

எச்-4-ல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) பகுதி நேரமோ முழு நேரமோ, நேரிலோ ஆன்லைனிலோ படிக்கலாம், தடை இல்லை. ஃபாஃப்ஸா உதவி கிடையாது. வேலைக்கு மட்டும் தனி அனுமதி வேண்டும். கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (கிரீன் கார்டுக்கான வேலை கொடுப்பவரின் மனு) அங்கீகரிக்கப்பட்டிருந்தால் எச்-4 இ.ஏ.டி. என்ற வேலை அனுமதியைக் கேட்கலாம். வேலை அனுமதி இல்லாமல் ஆர்.என். பாஸ் செய்து வீட்டில் இருந்தால், கேப்ஸ்டோனுக்கு வார்டும் கிடையாது, ஃபீஸ் கட்ட மருத்துவமனையும் கிடையாது என்பதையும் கணக்கில் எடுங்கள். வேலையில் இருக்கும் நர்ஸ்களை மட்டுமே சேர்க்கும் புரோகிராம்களும் உண்டு.

பிள்ளைகளுக்கு இது வேறு விதமாகச் சிக்கும். எச்-4-ல் இருக்கும் மகளுக்கு 21 வயது முடிந்தால் அந்த விசா போய்விடும், பெரும்பாலோர் மாணவர் விசாவான எஃப்-1-க்கு மாறுவார்கள். எஃப்-1-ல் முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஓர் ஆன்லைன் பாடம்தான் சேரும். முழுக்க ஆன்லைனில் நடக்கும் பி.எஸ்.என்.னில் சேர்ந்து எஃப்-1-ஐத் தக்கவைக்க முடியாது. 19 வயதில் கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். ஆரம்பிக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பல சமயம் முதலிலேயே நான்கு வருட பி.எஸ்.என். சேர்ப்பதுதான் பாதுகாப்பு. விசா விஷயத்தில் கடைசி வார்த்தை வக்கீலுடையதாக இருக்கட்டும்.

பி.எஸ்.என். இருந்தா எச்-1பி கிடைக்குமாமே?

எச்-1பி கொடுப்பது அந்த வேலைக்கு இளநிலைப் பட்டம் அவசியம் என்றால்தான். சாதாரண ஆர்.என். வேலைக்கு ஏ.டி.என். போதும் என்பதால் அது பொதுவாகத் தகுதி பெறாது, உங்களிடம் பி.எஸ்.என். இருந்தாலும் சரி. முதல் பதிலில் ‘முழு நர்ஸ்தான்’ என்று சொன்னேனே, அதே நியாயம் இங்கே உங்களுக்கு எதிராக வேலை செய்கிறது. சிறப்புப் பிரிவுகளிலும் நிர்வாகப் பதவிகளிலும் சிலருக்குக் கிடைக்கிறது. நர்ஸ்கள் வழக்கமாகப் போவது இ.பி.-3 கிரீன் கார்டு வழி. அதற்கு ஏ.டி.என்.னே போதும், ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை மிக நீளம்.

எனக்கு சி.ஆர்.என்.ஏ. ஆகணும். எந்த பி.எஸ்.என்.னா என்ன, மலிவா வேகமா முடிச்சா போதாதா?

உங்களுக்கு மட்டும் போதாது. சி.ஆர்.என்.ஏ. என்ற மயக்க மருந்து நர்ஸ் படிப்பு இப்போது டாக்டர் பட்ட அளவில்தான் இருக்கிறது. குறைந்தது ஒரு வருட ஐ.சி.யூ. அனுபவம் வேண்டும், போட்டியும் கடுமை, ஜி.பி.ஏ.வை (சராசரி மதிப்பெண்) சல்லடை போட்டுப் பார்ப்பார்கள். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் போன்ற திறன் அடிப்படைப் புரோகிராம்களில் ஆறு மாதத்துக்கு ஒரே கட்டணம், எத்தனை பாடம் வேண்டுமானாலும் முடிக்கலாம். வேலையில் இருக்கும் நர்ஸுக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் அங்கே ஏ, பி என்று கிரேடு கிடையாது. பாஸ் ஆனால் 3.0-க்குச் சமம் என்றுதான் டிரான்ஸ்கிரிப்ட் சொல்லும். ஏ.டி.என்.னில் சுமாரான மார்க் வாங்கி, அதை பி.எஸ்.என்.னில் தூக்கிவிட நினைப்பவருக்கு இது உதவாது. கிரேடு தரும் இடத்தில் சேருங்கள், கெமிஸ்ட்ரியையும் கூடவே முடியுங்கள்.

எனக்கு 52 வயசு. ஏ.டி.என்.னோட நல்லாத்தான் இருக்கேன். இனிமே இது தேவையா?

இப்போதிருக்கும் வேலை பிடித்திருக்கிறது, மருத்துவமனையும் கேட்கவில்லை, உடம்பு ஷிப்டைத் தாங்குகிறது என்றால் தேவையில்லை. முதுகும் முழங்காலும் பேச ஆரம்பித்திருந்தால் யோசியுங்கள். உட்கார்ந்து செய்யும் நர்ஸ் வேலைகளில் பலவற்றின் விளம்பரத்தில் பி.எஸ்.என். என்று போட்டிருக்கும். 52-ல் ஆரம்பித்தால் 54-ல் முடியும், அதற்குப் பின்னும் பத்து வருடச் சம்பளம் பாக்கி இருக்கிறது.

சேர்ந்த பிறகு 12 கிரெடிட்டை ஏத்துக்க மாட்டோம்னுட்டாங்க. இனி ஒண்ணும் பண்ண முடியாதா?

முடியும். முதல் மதிப்பீட்டைப் பாடத்தின் பெயரையும் எண்ணையும் வைத்துத்தான் அவசரமாகப் போடுவார்கள். மேல்முறையீடு என்று எழுதி, அந்தப் பாடத்தின் சிலபஸை இணைத்து அனுப்புங்கள். வாரவாரியாக என்ன நடத்தினார்கள், எந்தப் புத்தகம், எத்தனை மணி நேரம் என்று இருக்கும் முழு சிலபஸ் வேண்டும், காலேஜ் கையேட்டில் உள்ள நாலு வரி போதாது. பதிவாளர் அலுவலகத்தோடு நிற்காமல், நர்ஸிங் துறையின் புரோகிராம் இயக்குநருக்கும் ஒரு பிரதி போகட்டும், பாடத்துக்குப் பாடம் ஈடாக்கும் அதிகாரம் பெரும்பாலும் துறையிடம் இருக்கும். அந்த மாநிலத்தில் கம்யூனிட்டி காலேஜுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கிரெடிட் ஒப்பந்தம் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள்.

இப்போது ஏ.டி.என். படித்துக்கொண்டிருப்பவர்கள் ஒவ்வொரு செமஸ்டரும் முடியும்போது எல்லாப் பாடத்தின் சிலபஸையும் பி.டி.எஃப். ஆக இறக்கி உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். காலேஜ் மெயிலில் வைக்காதீர்கள், படிப்பு முடிந்து கொஞ்ச நாளில் அதை மூடிவிடுவார்கள்.